பிளாஸ்டிக் பிரிக்காத நாற்காலி

எங்கள் அலுவலகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் ஒருங்கிணைப்பாளர் முதல் நாள் செய்த முதல் காரியம், தன் நாற்காலியின் பிளாஸ்டிக் உறையைக் கிழித்துக் குப்பையில் போட்டதுதான். "என்ன அங்கிள், இத்தன நாளா இத பிரிக்காமயேவா வச்சிருந்தீங்க?" என்று கேட்டுச் சிரித்தார். நல்ல பிள்ளை. உட்கார்ந்தார், உயரத்தைச் சரிசெய்தார், ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். நாற்காலி அதற்குத்தானே இருக்கிறது? எனக்குத்தான் காரணமில்லாமல் கோபம் வந்தது. கணினியைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அந்த நாற்காலி, அவருக்கு முன்னால் அதே வேலையில் இருந்த அக்காவுக்காக வாங்கியது. திட்டம் தொடங்கியபோது எங்கள் எல்லோருக்கும் நாற்காலிகள் ஒன்றாக வந்து இறங்கின. அக்காவின் நாற்காலியில் கைப்பை உட்கார்ந்திருக்கும். குடை உட்கார்ந்திருக்கும். யாரோ ஒரு அம்மா கொடுத்தனுப்பிய வாழைப்பழச் சீப்பு ஒன்று பழுத்துக் கறுக்கும்வரை உட்கார்ந்திருந்தது. அக்கா மட்டும் உட்கார்ந்ததில்லை. கணினியில் எதையாவது தட்டுவதென்றாலும் நின்றபடி குனிந்துதான். பார்க்கிற எனக்கு முதுகு வலிக்கும்.

நான் உட்காருவதில் ஊறியவன். என் தாத்தா யாழ்ப்பாணத்தில் இருந்து கப்பலேறி வந்து ரயில்வேயில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, உட்கார்ந்தார். அப்பா அரசாங்க அலுவலகத்தில் கிராணியாக உட்கார்ந்தார். நான் இந்தப் பயிற்சி மையத்தில் உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் வீட்டு ஆண்பிள்ளை ஒருவர் ரொம்ப நேரம் நின்றுகொண்டிருந்தால் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று அர்த்தம். அப்படிப்பட்டவனின் எதிர் மேசையில் இப்படி ஒரு பிறவியைக் கொண்டுவந்து போட்டார்கள்.

என்னைவிட வயதில் இளையவர்தான். ஆனாலும் மையத்தில் எல்லோருக்கும் அவர் அக்கா, எனக்கும் அக்கா. அவருக்கு நான் அண்ணே. காலையில் உள்ளே வரும்போதே, "என்னா அண்ணே, பசியாறியாச்சா? உக்காந்தாச்சா?" என்று ஒரே மூச்சில் கேட்பார். இரண்டாவது கேள்வியில் கொஞ்சம் நக்கல் இருக்கும். நான் பதில் சொல்வதற்குள் ஆள் வராந்தாவின் மறுகோடியில் இருப்பார்.

மையத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பினாங்கு, கெடா, பேராக் என்று வட்டாரத்தில் இருக்கும் சில கல்லூரிகளும், சிப் செய்யும் சில கம்பெனிகளும் சேர்ந்து நடத்தும் கூட்டுத் திட்டம் அது. படிப்பை முடித்தும் முடிக்காமலும் சுற்றிக்கொண்டிருக்கும் பிள்ளைகளைப் பிடித்துவந்து, புது இயந்திரங்களை ஓட்டவும் பழுது பார்க்கவும் சில மாதம் பழக்கி, கம்பெனிகளிடம் ஒப்படைக்க வேண்டும். தொடக்க விழாவில் எல்லாத் தரப்பினரும் கை கோத்து நிற்கும் படம் எங்கள் சுவரில் பெரிதாகத் தொங்குகிறது. அதில் அக்கா இல்லை. படம் எடுக்கும்போது அவர் வாசலில் நின்று வேன்காரரிடம் போனில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

பிள்ளைகளைப் பிடித்துவருவதும், பிடித்த பிள்ளைகள் பாதியில் ஓடிவிடாமல் பார்த்துக்கொள்வதும்தான் அக்காவின் வேலை. ஒருமுறை சுங்கை பினாங் அடுக்குமாடி வீடுகளுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். லிப்ட் வரும்வரை நிற்கப் பொறுக்காமல் படியில் ஏறினார். நான் லிப்டில் போய் மேலே அவருக்காகக் காத்திருந்தேன். கதவைத் திறந்த அம்மா, "உக்காருங்க, உக்காருங்க" என்று சோபாவில் கிடந்த துணிகளை அவசரமாக அள்ளினார். நான் உட்கார்ந்துவிட்டேன். அக்கா ஒரு கால் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, மறு கால் சப்பாத்தோடு வாசற்படியிலேயே நின்றார்.

"இருக்கட்டும்மா. மகன் எங்க?"

"தூங்கறான். வேலைக்கு விடறதெல்லாம் சரிதாங்க. ஆனா பேக்டரின்னா எனக்குப் பயமா இருக்கு. என் கூடப்பொறந்த அக்காவுக்கு மைக்ராஸ்கோப்ப பாத்துப் பாத்தே கண்ணு போயிடுச்சி."

"அது பழைய பேக்டரிம்மா. இப்ப மெசின் பாக்கும், உங்க மகன் மெசின பாப்பான். நான் கேரண்டி."

"நீங்களும் பேக்டரில இருந்தவங்கதானே? ஏன் விட்டீங்க?"

அக்கா கழற்றிய சப்பாத்தைக் காலால் தேடி மறுபடி மாட்டிக்கொண்டார். "நான் எங்கேம்மா விட்டேன்?" என்று மட்டும் சொன்னார். பிறகு அந்த அம்மாவைத் தாண்டி உள்ளே பார்த்து, "தம்பி, எந்திரி!" என்று ஒரு சத்தம் போட்டார். பையன் எழுந்து வந்துவிட்டான். எனக்கே எழுந்து நிற்க வேண்டும்போல் இருந்தது.

நான் கேரண்டி. இதை அவர் எத்தனை வீட்டு வாசலில் சொல்லியிருப்பார் என்று நான் எண்ணிப் பார்த்ததுண்டு. அவரே ஒப்பந்த ஊழியர். ஒரு பேட்ச் முடிந்து அடுத்த பேட்ச்சுக்குக் கையெழுத்தானால்தான் அவருக்குச் சம்பளம். கேரண்டி கொடுக்கிற ஆளுக்கே கேரண்டி இல்லை. இதை ஒருநாள் சொல்லிக்காட்டியும் விட்டேன். "அதான் அண்ணே, வேகமா சொல்லிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிடறேன்" என்றார்.

உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில் மோட்டர் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்த ஒரு தம்பியை அவர் பிடித்த கதை மையத்தில் பிரசித்தம். பலமுறை போன் செய்தும் அவன் எடுக்கவில்லை. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நாசி கண்டார் சோற்றுக்கடை வரிசையில் அவன் நிற்பதைக் காடியில், தன் காரில், போகும்போது பார்த்தவர், எங்கோ நிறுத்திவிட்டு ஓடிவந்து அவன் பின்னால் நின்றுகொண்டார். வரிசை நகர நகரப் பேச்சு. இந்த வெயிலில் எத்தனை வருஷம் ஓட்டுவாய், கால் உடைந்தால் யார் பார்ப்பார்கள், அதுவும் இதுவும். பொட்டலம் கைக்கு வரும்போது அவன் சரி என்று தலையாட்டிவிட்டான். அக்காவும் ஒரு பொட்டலம் வாங்கி, காடியின் பின்மூடிமேல் பிரித்து வைத்து, நின்றபடி சாப்பிட்டு முடித்தார். கடையில் மேசை காலியாகத்தான் இருந்தது என்று அந்தத் தம்பி பிறகு என்னிடம் சொன்னான்.

காடியில் மட்டும் உட்காருவார். அது ஓடுகிறது என்பதால் அதைச் சேர்க்க முடியாது. ஒரு மாலை புக்கிட் மெர்தாஜாமில் பெற்றோர்களைப் பார்த்துவிட்டுக் கடல் பாலம் வழியாகப் பினாங்குத் தீவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். பாலத்தின் நடுவில் வண்டிகள் நின்றுவிட்டன. முன்னால் எங்கோ விபத்து போலிருக்கிறது. எனக்கு வசதியாகப் போயிற்று, இருக்கையைச் சாய்த்துக்கொண்டேன். அக்கா ஸ்டியரிங்கைத் தட்டினார், வானொலியை மாற்றினார், ஜன்னலை இறக்கி ஏற்றினார், கடைசியில் கதவைத் திறந்து இறங்கியே விட்டார். பாலத்தின்மேல், கடலுக்கு நடுவில், காடியின் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பின்னால் இருந்த லாரிக்காரர் ஹாரன் அடித்தார்.

"உங்களுக்கு என்னதான் லா பிரச்சினை?" என்று கேட்டுவிட்டேன். எரிச்சலில் கேட்டதுதான். அவர் குனிந்து, திறந்த கதவு வழியாக என்னைப் பார்த்தார். அந்தக் கதையை அப்போதுதான் சொன்னார்.

அவர் பழைய பேக்டரி ஒன்றில் ஆப்பரேட்டராக இருந்தார். நாள் முழுக்க ஸ்டூலில் உட்கார்ந்து மைக்ராஸ்கோப்பில் சிப்பின் நுண்கம்பிகளைச் சரிபார்க்கிற வேலை. புது இயந்திரங்கள் வரப்போகின்றன, சிலரைத் தேர்ந்தெடுத்துப் புது வேலைக்குப் பழக்குவோம் என்று கம்பெனியில் சொன்னார்கள். ஒரு காலை எல்லாப் பெண்களையும் கேண்டீனுக்கு வரச்சொல்லி, "டூடோக் டூலு, நந்தி பாங்கில்" என்று மலாயில் சொல்லிவிட்டுப் போனார்கள். முதலில் உட்காருங்கள், பிறகு கூப்பிடுகிறோம்.

"உக்காந்தோம் அண்ணே. ஒவ்வொருத்தியா கூப்புட்டாங்க. கூப்புட்டவ திரும்பி வரல, புது லைனுக்குப் போயிட்டா. என் பக்கத்துல இருந்தவ பொறுக்க முடியாம எந்திரிச்சி ஆப்பிஸ் கதவுகிட்ட போய் நின்னா. அவளையும் உள்ள சேத்துக்கிட்டாங்க. நான் நல்ல பிள்ளையா உக்காந்திருந்தேன். கூப்புடறேன்னு சொன்னாங்களே, கூப்புடுவாங்கன்னு. சாயங்காலம் தரை கூட்ட வந்த மாச்சிக், அந்த மலாய்க்கார அம்மா, கால தூக்கச் சொன்னாங்க. அப்பத்தான் திரும்பிப் பாத்தேன். கேண்டீன்ல மிச்சம் இருந்தவங்க எல்லாரும் வேலை போனவங்க."

முன்னால் வண்டிகள் நகரத் தொடங்கின. லாரிக்காரர் விடாமல் அடித்தார். அக்கா ஏறிக் கதவைச் சாத்தினார்.

"எந்திரிச்சி நின்னிருந்தா கூப்புட்டிருப்பாங்களோ என்னமோ, தெரியல. உக்காந்திருந்தேன். அது தெரியும்."

அதற்குப் பிறகு அவர் நிற்பதைப் பற்றி நான் கிண்டல் செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். செய்தேன். ஆனால் முன்போல் அதில் ருசி இல்லை.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கூட இருப்பவர்களுக்கு அக்கா பெரும் தொல்லை. பாடம் நடக்கும்போது வகுப்பின் பின்புறம் நடந்துகொண்டே இருப்பார். விரிவுரையாளர்கள் என்னிடம் வந்து முறையிடுவார்கள். பிள்ளைகளில் யாராவது ஒரு நாள் வராவிட்டால் மதியத்துக்குள் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டியிருப்பார். காய்ச்சலில் படுத்திருந்த ஒருத்தி, "அக்கா, என்னை சாகவாச்சும் விடுங்க" என்று அழுதாளாம். அவர் எதையும் அது பாட்டுக்கு நடக்கட்டும் என்று விட்டுவைத்ததே கிடையாது. சோறு வெந்துவிட்டதா என்று மூடியைத் திறந்து திறந்து பார்த்தே சோற்றைக் கெடுக்கிறவர்கள் உண்டல்லவா, அந்த ரகம்.

மையத்தில் அவர் நுழையக்கூடாத இடம் ஒன்றே ஒன்று. கிளீன்ரூம். சிப் வேலைக்குக் காற்றில் தூசு இருக்கக்கூடாது. அதனால் கம்பெனிகளில் இருப்பதுபோலவே சின்னதாக ஓர் அறையைக் கண்ணாடிச் சுவரோடு கட்டியிருந்தார்கள். தலையில் இருந்து கால்வரை வெள்ளை உடை போட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பவுடர் கூடாது, பொட்டு கூடாது, பூ கூடாது, சட்டைப்பையில் டிஷ்யூ காகிதம்கூட இருக்கக்கூடாது. கண்ணுக்குத் தெரியாத தூசையும் எண்ணிச் சொல்லும் பெட்டி ஒன்று சுவரில் உண்டு. தூசு கூடினால் எண் ஏறும், அளவு மிஞ்சினால் கத்தும்.

தொடக்கத்தில் அக்காவுக்கும் உடை மாட்டி உள்ளே விட்டார்கள். அவர் இந்த இயந்திரத்துக்கும் அந்த இயந்திரத்துக்கும் நடந்த நடையில் எண் விறுவிறுவென்று ஏறியது. மனிதர் அசைய அசைய உடம்பில் இருந்து தூசு கிளம்புமாம். உட்கார்ந்திருப்பவரிடம் இருந்து ரொம்பக் குறைவாம். இதைக் கேட்டதும் எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. பயிற்சியாளர் கையெடுத்துக் கும்பிட்டு, "அக்கா, நீங்க கண்ணாடிக்கு அந்தப் பக்கமே நில்லுங்க" என்றார். அன்றிலிருந்து கண்ணாடிக்கு வெளியே நிற்பார். நெற்றியை ஒட்டிவைத்துக்கொண்டு பார்ப்பார். துடைக்கிற பெண் தினமும் அந்த ஒரு இடத்தைத் திட்டிக்கொண்டே துடைப்பாள்.

முதல் பேட்ச்சின் இறுதித் தேர்வு கிளீன்ரூமில்தான். கம்பெனிகளில் இருந்து என்ஜினியர்கள் வந்து கண்ணாடி வழியாகப் பார்ப்பார்கள். பிள்ளைகள் சிறு சிறு குழுவாக உள்ளே போய், மெல்லிய சில்லுத் தட்டுகளை எடுத்து இயந்திரத்தில் ஏற்றி ஓட்டிக்காட்ட வேண்டும். தேறியவர்களுக்கு அன்றே வேலை உறுதி. இந்த பேட்ச் சரியில்லை என்றால் கம்பெனிகள் கூட்டில் இருந்து விலகிக்கொள்ளும் என்றும் பேச்சு இருந்தது. அப்படி ஆனால் பிள்ளைகள் மறுபடி தெருவுக்கு, வீட்டு வாசல்களில் கேரண்டி கொடுத்த அக்காவும் தெருவுக்கு. பயிற்சியாளர் முதல் நாளே அக்காவிடம், "இனி நீங்க செய்யறதுக்கு ஒன்னும் இல்ல. வீட்ல போய் படுங்க" என்று சொன்னார். நானும் சொன்னேன்.

படுத்தாரா? விடியும் முன்னே எழுந்து தண்ணீர்மலைப் படியேறி முருகனைப் பார்த்துவிட்டு, திருநீற்றை வாங்கிப் பிள்ளைகள் எல்லோருக்கும் சின்னச் சின்னக் காகிதப் பொட்டலமாக மடித்துக்கொண்டு, வேன் ஒவ்வொரு இடத்தில் நிற்கும்போதும் ஏறுகிறவர்கள் கையில் ஒன்று ஒன்றாகக் கொடுத்திருக்கிறார். சீனப் பையன் ஒருவனும் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டான். தைப்பூசத்துக்குத் தேங்காய் உடைக்கிற குடும்பம் அவனுடையது. நெற்றியில் யாரும் பூசவில்லை. பூசக்கூடாது என்று அக்காவே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நெற்றியில் இருந்தால்தான் தூள், மடித்துச் சட்டைப்பையில் வைத்தால் அது சாமி. பிள்ளைகளும் போனை எடுத்தார்கள், சாவியை எடுத்தார்கள், டிஷ்யூவை எடுத்தார்கள். சாமியை எடுத்து லாக்கரில் பூட்ட ஒருவருக்கும் கை வரவில்லை. அதன்மேலேயே வெள்ளை உடையை மாட்டிக்கொண்டார்கள்.

முதல் குழு உள்ளே போய்க் குனிந்து தட்டை எடுத்ததும் எண் ஏறியது. இன்னும் ஏறியது. பெட்டி கத்தியது.

வெளியே இருந்த பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கம்பெனி என்ஜினியர்களுக்குத் தலைவராக வந்திருந்த சீனப் பெண்மணி பெட்டியின் எண்ணைக் குறித்துக்கொண்டார். கெடாக் கல்லூரிக்காரர், காற்று வடிகட்டி கம்பெனி கொடுத்தது, பழசாக இருக்கும் என்றார். வடிகட்டி கொடுத்த கம்பெனிக்காரர், பராமரிப்பு கல்லூரியுடையது என்றார். எங்கள் நிர்வாகி இரண்டு பக்கமும் தலையாட்டினார். சுவர்ப் படத்தில் கை கோத்திருந்த அதே ஆட்கள்தான். நான்கூட எழுந்து நின்றுவிட்டேன்.

அக்கா கண்ணாடியில் நெற்றியை வைத்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். புக்கிட் மெர்தாஜாமில் இருந்து வந்த ஒரு பெண், குழுவில் கடைசியாக நின்றவள், பயத்தில் நெஞ்சைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். உடைக்கு உள்ளே, சட்டைப்பை இருக்கிற இடம். தொடும்போதெல்லாம் எண் ஏறியது. அக்கா கண்ணாடியில் இருந்து நெற்றியை எடுத்தார்.

சும்மா இருந்திருக்கலாம். வடிகட்டி என்று முடிந்திருக்கும், தேர்வு வேறொரு நாளுக்குப் போயிருக்கும், சாமி பொட்டலங்கள் வீட்டுக்குப் போயிருக்கும். ஆனால் அதுவரை என்ன எழுதிவைப்பார்கள், கூட்டு நிற்குமா, யாருக்குத் தெரியும்? அக்கா நேராக அந்தப் பெண்மணியின் முன்னால் போய் நின்று, மலாயில், உடைந்த ஆங்கிலத்தில், கையைக் காட்டிச் சொன்னார். வடிகட்டி மேல் குற்றமில்லை. பிள்ளைகள் மேலும் இல்லை. அவர்கள் பையில் கோயில் சாம்பல் இருக்கிறது. நான்தான் கொடுத்தேன்.

எங்கள் நிர்வாகியின் முகம் போன போக்கைப் பார்த்தபோதே அக்காவுக்கு அடுத்த பேட்ச் கிடையாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சீனப் பெண்மணி பிள்ளைகளை அறையில் இருந்து வெளியே அழைத்தார். பிறகு எல்லோரையும் பொட்டலத்தை வெளியே எடுக்கச் சொன்னார். குளித்து, சட்டை மாற்றி, புது உடை போட வேண்டும். அறை தானாகத் தணிய வேண்டும், அதற்குள் யாரும் நடமாடக்கூடாது. மதியத்துக்குப் பிறகு பார்ப்போம், உறுதி சொல்ல முடியாது என்றார். குரலில் கோபம் இல்லை. பக்கத்து வகுப்பறையைக் கைகாட்டி, அன்பாகத்தான் சொன்னார்.

"டூடோக் டூலு. நந்தி பாங்கில்."

நான் அக்காவைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை.

வகுப்பறையில் ஒரு பிள்ளையும் உட்காரவில்லை. ஈரத் தலையோடு, இரவல் சட்டைகளோடு கூட்டமாக நின்றார்கள். புக்கிட் மெர்தாஜாம் பெண் தேம்பிக்கொண்டிருந்தாள். நாசி கண்டார் வரிசையில் பிடித்துவந்த தம்பி மோட்டர் சாவியைக் கையில் எடுத்துவிட்டான்.

"நான் போறேன்க்கா. கூப்புட மாட்டாங்க லா. சும்மா சொல்றாங்க."

அக்கா கதவருகில் நின்றிருந்தார். ஆப்பிஸ் கதவுகிட்ட போய் நில் என்று அவர் சொல்வார் என எதிர்பார்த்தேன். எல்லோரையும் கிளப்பிக்கொண்டு போய் அந்தப் பெண்மணியின் முன்னால் நிறுத்துவார் என்றுதான் நினைத்தேன். அவர் உள்ளே வந்தார். முன்வரிசையில் ஒரு நாற்காலியை இழுத்தார். உட்கார்ந்தார்.

"உக்காரு" என்றார்.

"அக்கா..."

"நடந்தா தூசு. உக்காருப்பா. கூப்புடுவாங்க."

தம்பி சாவியோடு நின்றான். அக்கா அவன் முகத்தைப் பார்க்கவில்லை, கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு கைகளாலும் நாற்காலியின் விளிம்பைப் பிடித்திருந்தார். முதலில் அந்தப் பெண் உட்கார்ந்தாள். பிறகு ஒவ்வொருவராக எல்லோரும் உட்கார்ந்தார்கள். தம்பி கடைசியாக, பின்வரிசையில்.

மதியம் முழுக்க அப்படியே இருந்தார்கள். நான் உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் வராந்தாவில் நடந்தேன். வகுப்பறைக் கதவின் கண்ணாடி வழியாகப் பார்த்தால் அக்காவின் கால் மட்டும் தரையில் படபடவென்று அடித்துக்கொண்டிருக்கும். அவர் தன் கையாலேயே முழங்காலை அழுத்திப் பிடித்துக்கொள்வார். கொஞ்ச நேரம் நிற்கும், மறுபடி ஆடும். அழுத்துகிற அந்தக் கையைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது.

கூப்பிட்டார்கள். பயிற்சியாளர் கதவைத் திறந்து முதல் குழுவின் பெயர்களைச் சொன்னார். எழுந்து போனார்கள். பெட்டி கத்தவில்லை. அடுத்த குழு, அடுத்த குழு. ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் அக்கா நிமிர்ந்து பார்ப்பார். முதல் குழுவில் புக்கிட் மெர்தாஜாம் பெண்ணைக் கூப்பிட்டபோது அவள் ஓடப்பார்த்தாள், "மெதுவா" என்றார். கடைசியாக அந்தத் தம்பியின் பெயர் வந்தது. சாவியை அக்காவின் மடியில் போட்டுவிட்டுப் போனான்.

எல்லோரும் தேறினார்கள். வராந்தாவில் ஒரே கூச்சல். பிள்ளைகள் அம்மாக்களுக்குப் போன் போட்டார்கள், பெரியவர்கள் மறுபடி கை குலுக்கினார்கள், யாரோ படம் எடுத்தார்கள். நிர்வாகி என்னை ஓரமாக அழைத்து, அடுத்த பேட்ச்சுக்கு ஒருங்கிணைப்பாளர் வேலைக்கு விளம்பரம் தயார் செய்யச் சொன்னார். தலையாட்டினேன். வேறு என்ன செய்வேன், மூன்று தலைமுறையாகத் தலையாட்டுகிற குடும்பம்.

கூட்டத்தில் அக்காவைத் தேடினேன். இல்லை. வகுப்பறைக் கதவைத் தள்ளிப் பார்த்தேன். காலி நாற்காலிகளுக்கு நடுவில், முன்வரிசையில், அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். மடியில் மோட்டர் சாவி. துடைக்கிற பெண் வாளியோடு உள்ளே வந்து பின்வரிசையில் இருந்து நாற்காலிகளை நகர்த்தத் தொடங்கியிருந்தாள். அவள் இன்னும் கொஞ்ச நேரத்தில் முன்வரிசைக்கு வந்து, காலைத் தூக்கச் சொல்வாள். அது நடப்பதற்குள் ஏதாவது செய்யவேண்டும் என்று மட்டும் தோன்றியது.

நான் கதவைப் பிடித்துக்கொண்டு அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அக்கா என்று அல்ல. அடையாள அட்டையில் இருக்கும் முழுப் பெயர், அப்பா பெயரோடு. அதுவரை ஒருமுறைகூட நான் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை.

அவர் சட்டென்று திரும்பினார்.

"யாரு கூப்புட்டா?"

"நான்தான்."

"எதுக்கு அண்ணே?"

எதற்கு என்று நான் யோசித்திருக்கவில்லை. "தே தாரிக் குடிக்க" என்றேன்.

அவர் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார். எழுந்ததும் கால் மரத்துப்போயிருந்தது போல, ஒரு கணம் மேசையைப் பிடித்துக்கொண்டார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கூப்புட்டீங்கல்ல, வரேன்" என்றார்.

வாசலில் இருந்த கடையில் மேசைகள் காலியாகத்தான் இருந்தன. அவர் வழக்கம்போல் சுவரோரமாகத் தேநீர்க் குவளையோடு நின்றார். நானும் பக்கத்தில் நின்றுதான் குடித்தேன்.